ஹெல்சிங்கியின் இருபது நிமிடம்

மருந்து இருந்தது. அதைப் போடத் தெரிந்த மருத்துவர்கள் இருந்தார்கள். ஸ்கேன் எந்திரமும் இருந்தது. அப்படியும் 1998இல் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் பல்கலைக்கழக மருத்துவமனையில், பக்கவாதத்தோடு வந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பெற்றவர்களில் பாதிப் பேர், வாசலைத் தாண்டி உள்ளே வந்தபிறகும் 105 நிமிடத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். நோயாளியும் மருந்தும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

2011இல் அதே மருத்துவமனையில் அந்தக் காத்திருப்பு 20 நிமிடமாகச் சுருங்கியது. ஊசி அதே பழைய ஊசிதான்.

அட்டே மெரெடோயா, மார்க்கு காஸ்டே முதலிய மருத்துவர்கள், 1995 முதல் 2011 வரை ஊசி போடப்பட்ட 1860 பேரின் கணக்கை 2012இல் வெளியிட்டார்கள். அதில் 12 மாற்றங்களைச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுகூட மேதைமை கேட்பதல்ல. ஆம்புலன்ஸ்காரர்கள் வழியிலேயே போன் போட்டு, யார் வருகிறார், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லிவிட வேண்டும். ஆள் வந்து சேருமுன் அவருடைய பழைய மருத்துவக் குறிப்புகளை டாக்டர் எடுத்துப் படித்துவிட வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தவரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்துவிட வேண்டும். ஸ்கேன் அறையை அவசரப் பிரிவுக்குள்ளேயே கொண்டுவந்துவிட வேண்டும். வந்தவரைக் கட்டிலில் கிடத்தி ஒவ்வொரு பரிசோதனையாக முடித்த பிறகு ஸ்கேனுக்கு அனுப்பும் பழக்கத்தை விட்டார்கள். ஆள் நேரே ஸ்கேன் மேசைக்குப் போனார். படத்தைப் பக்கவாத மருத்துவரே அங்கேயே பார்த்தார். ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் அந்த மேசையிலேயே ஊசி. வந்தபின் செய்யும் வேலையைக் குறை, வருமுன் செய்யும் வேலையைக் கூட்டு என்பதுதான் அவர்கள் கணக்கு.

மெரெடோயா பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். ராயல் மெல்போர்ன் மருத்துவமனையில் 12இல் மூன்றை மட்டும் எடுத்துச் செய்து பார்த்தார்கள்: முன்கூட்டியே தகவல், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடு நேரே ஸ்கேனுக்கு, ஸ்கேன் அறையிலேயே ஊசி. நான்கே மாதத்தில் பகல் நேரத்துக் காத்திருப்பு 43 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாக இறங்கியது. இரவிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் 67 நிமிடம் 62 ஆனதோடு சரி. பகலில் இருந்த ஆட்கள் இரவில் இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பக்கவாத சிகிச்சையின் பாதிச் சங்கதி புரிந்துவிடும்.

நிமிடத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சை இல்லாமல் கிடந்தால் ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன. அவற்றோடு 1400 கோடி இணைப்புகள். 12 கிலோமீட்டர் நீளத்துக்கு நரம்பிழைகள். ஒரு மணி நேரம் போனால், அந்த மூளைக்கு மூன்றரை வருடத்துக்கும் மேல் வயது கூடிவிடுகிறது. மெரெடோயா குழு இதையே திருப்பிப் போட்டுச் சொன்னது: ஊசியை ஒரு நிமிடம் முன்னால் போட்டால், நோயாளிக்குச் சராசரியாக 1.8 நாள் ஆரோக்கியமான வாழ்வு கூடுகிறது. தாழ்வாரத்தில் பத்து நிமிடம் மிச்சப்படுத்தினால் பதினெட்டு நாள்.

அடைபட்டவுடன் எல்லாம் செத்துவிடுவதில்லை என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வர வேண்டும். அது 20க்குக் கீழே போனால் செல்கள் வேலையை நிறுத்திக்கொள்ளும், உயிர் இருக்கும். 10க்கும் கீழே போனால்தான் சாவு. அடைப்பின் நடுப்பகுதி சீக்கிரமே போய்விடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, அக்கம்பக்கத்துச் சிறு குழாய்களிலிருந்து கசிந்து வரும் ரத்தத்தில் தாக்குப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. கிரகணத்தின்போது அடர்நிழலைச் சுற்றி விழும் மங்கலான புறநிழலின் பெயரையே ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பகுதிக்கும் வைத்தார்கள். கை அசையவில்லை, பேச்சு வரவில்லை; ஆனால் அந்தக் கையும் பேச்சும் இன்னும் போய்விடவில்லை. எல்லா அவசரமும் இந்தப் புறநிழலுக்காகத்தான்.

ஊசியின் கதை 1995 டிசம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் 624 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அப்போது வெளிவந்தது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஆல்டிப்ளேஸ் என்ற மருந்தை ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் ஏறக்குறைய முழுமையாகத் தேறியிருந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம். அதற்கு விலையும் இருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து, நொய்ந்துபோன குழாயிலிருந்து ரத்தத்தையும் ஒழுகவிடும். நிலைமையை மோசமாக்கும் அளவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஊசி பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு வந்தது, மற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்கு. அப்படியும் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் ஊசி பெற்ற பக்கத்தில் கூடவில்லை: 17 சதவீதம், மற்றதில் 21. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று இந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது.

அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டி, ரத்தக்கசிவு வரலாம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறபோது வீட்டார் மிரண்டுபோவது இயல்பு. அந்த நூற்றுக்கு ஆறைக் கேட்டவுடன், ஊரிலிருந்து அண்ணன் வரட்டும் என்று தோன்றும். அண்ணன் வந்து சேரும்போது கையெழுத்துப் போடுவதற்கான காரணமே போயிருக்கும். ஊசி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்ற கணக்கையும் அதே மூச்சில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம்: சிலருக்கு, முக்கியமாக ராமிப்ரில், எனலாப்ரில் வகை ரத்தஅழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ஊசி ஏறும்போது நாக்கும் உதடும் வீங்கக்கூடும். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் அட்டையை அப்படியே எடுத்துக் காட்டுவது இதற்காகவும்தான்.

ஆல்டிப்ளேஸில் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் சொட்டாக ஏற்ற வேண்டும். அதன் தம்பியான டெனெக்டிப்ளேஸை ஒரே தடவையில், சில நொடியில் செலுத்திவிடலாம். இந்திய மருத்துவமனைகளில் இப்போது இது நிறையப் புழங்குகிறது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டிய நோயாளிக்கு, ஒரு மணி நேர டிரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஏற வேண்டியதில்லை.

பெரிய குழாயில் அடைத்த பெரிய கட்டியிடம் ஊசி பலமுறை தோற்றுப்போகும். அதற்குத்தான் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, மூளைவரை கொண்டுபோய், கம்பிவலையால் கட்டியைக் கவ்வி இழுக்கிற முறை. இன்று இது சொல்லக் கேட்டாலே வியப்பாக இருக்கிறது. 2013இல் இது கிட்டத்தட்ட கைவிடப்படும் நிலையில் இருந்தது. அந்த ஆண்டு மூன்று ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்து, இதனால் கூடுதல் பயன் இல்லை என்றுவிட்டன. பழைய கருவிகள், பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்காமலே சேர்க்கப்பட்ட பலர், தாமதம். இத்தனை ஓட்டையோடு நடந்த சோதனைகள் அவை.

நெதர்லாந்துக்காரர்கள் அப்போதும் தங்கள் ஆய்வை நிறுத்தவில்லை. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு: ஆய்வில் சேர்ந்து செய்தால்தான் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம். அதனால் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளை முழுமையாகச் சேர்த்து முடித்தார்கள். 2014 அக்டோபரில் இஸ்தான்புல்லில் கூடிய உலகப் பக்கவாத மாநாட்டில் முடிவை அறிவித்தார்கள். யார் துணையும் இல்லாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள், கட்டி எடுக்கப்பட்டவர்களில் 32.6 சதவீதம், மற்றவர்களில் 19.1. இதைக் கேட்டதும் வேறு நாடுகளில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் தங்கள் கணக்கைப் பாதியிலேயே திறந்து பார்த்தன. கனடாவின் கால்கரியில் மயங்க் கோயல் முதலானோர் நடத்தியது அவற்றில் ஒன்று. அங்கே சாவே ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது, 19 சதவீதத்திலிருந்து 10.4 ஆக. நெதர்லாந்து ஆய்வு உட்பட இப்படி முடிவு வந்த ஐந்து ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 2.6 பேருக்குக் கட்டி எடுத்தால் ஒருவருடைய ஊனம் ஒரு படியாவது குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இப்படி ஒரு எண் எளிதில் கிடைப்பதல்ல.

2018இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. ஆறு மணி நேரம் கடந்து 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களில், புறநிழல் இன்னும் உயிரோடிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்களைத் தேர்ந்து கட்டியை எடுத்தார்கள். 49 சதவீதம் பேர் தன் காலில் நிற்கும் நிலைக்கு வந்தார்கள்; எடுக்காதவர்களில் 13 சதவீதம்தான். தூங்கி எழும்போதே கை விழுந்து கிடப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் இந்த 24 மணி நேரம் காதில் விழுந்து, இன்னும் நேரம் இருக்கிறதே என்று யாராவது உட்கார்ந்துவிட்டால், அதைவிட ஆபத்து வேறில்லை. இந்த ஆய்வில் இருந்தவர்கள், அக்கம்பக்கக் குழாய்கள் கைகொடுத்ததால் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தவர்கள். நமக்கு எப்படிப்பட்ட குழாய்கள் என்று ஸ்கேன் மேசையில் படுக்கும்வரை தெரியாது.

இனி தாழ்வாரத்தை விட்டு வீட்டுக்கு வரலாம். காலை ஆறரை மணி.

"என்னங்க, வாய் ஒரு பக்கமா கோணுது?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி ஃபேன் காத்து அடிச்சிருக்கும். ஒரு காபி குடு."

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவார். பக்கவாதம் பெரும்பாலும் வலிக்காது. அதிலும் மூளையின் வலப்பக்கம் அடைபட்டு உடம்பின் இடப்பக்கம் விழுந்தவர்களில் பலருக்கு, விழுந்தது என்பதே உறைக்காது. பொய் சொல்வதோ பிடிவாதமோ இல்லை அது. இடது கை என ஒன்று இருப்பதை உணரும் பகுதியே அடைபட்டுவிட்டது. 1919 அக்டோபரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு இப்படித்தான் இடப்பக்கம் விழுந்தது. மனைவி ஈடித்தும் மருத்துவர் கேரி கிரேசனும் நாட்டுக்குத் தெரியாமல் மறைத்தார்கள். டிசம்பரில் இரண்டு செனட்டர்கள் நேரில் பார்க்க வந்தபோது, இடது கையைப் போர்வைக்குள் மறைத்து, வலது கை மட்டும் வெளியே தெரியும்படி படுக்கவைத்திருந்தார்கள். வில்சன் தன்னால் பதவியைத் தொடர முடியும் என்றே நம்பினார். ஆகவே, ஒண்ணுமில்ல என்று நோயாளி சொல்வதைக் கணக்கில் எடுக்காமல் 108ஐ அழைப்பதுதான் முறை. முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று சரிகிறதா, பேச்சு குழறுகிறதா: மூன்றில் ஒன்று இருந்தாலே போதும்.

அந்தக் காபி வேண்டாம். தண்ணீர், சோடா, சர்க்கரைக் கரைசல் எதுவும் வேண்டாம். ஏன் என்பது சற்றுப் பின்னால். மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் கூடாது. உள்ளே குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பது ஸ்கேனில் மட்டும்தான் தெரியும். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ரத்தஅழுத்தம் எகிறிக் கிடக்கிறதே என்று வீட்டில் மாத்திரை கொடுத்து இறக்குவதும் தப்பு. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடம்பு முண்டுகிற முண்டல் அது. ஊசி போடுவதற்கு 185க்கு 110க்குக் கீழே வர வேண்டும். ஊசி இல்லையென்றால், 220க்கு 120வரைகூட முதல் நாள் டாக்டர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நல்லாத்தான் இருந்தார் என்றால் கணக்கு பத்து மணியிலிருந்து ஓடும். நாலு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனபோது ஒழுங்காக நடந்தார் என்று யாராவது பார்த்திருந்தால், அந்த ஒரு சாட்சி ஆறு மணி நேரத்தை மீட்டுக் கொடுக்கும்.

வாதம் அடித்துவிட்டது என்று புறா ரத்தம் தேடி ஓடுகிற வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் பல ஊர்களில் உண்டு. புறா ரத்தத்தைத் தடவினால் விழுந்த கை எழாது. தேடுகிற நேரத்தில் புறநிழல் போய்விடும். இதைச் செய்கிறவர்களை ஏளனம் செய்வதில் நியாயமில்லை. 1995க்கு முன் பெரிய ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனாலும், அடைப்பைத் திறக்க நிரூபணமான மருந்து எதுவும் அங்கே இல்லை. படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றே அனுப்பினார்கள். பாட்டிமார் கையில் கிடைத்ததைச் செய்தார்கள். அவர்கள் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் மாரடைப்பைப்போலப் பக்கவாதமும் ஒரு தனிப் பிரிவு. இந்தச் செய்திதான் வீடுவரை இன்னும் போய்ச் சேரவில்லை.

ஊசியும் கம்பிவலையும் செய்திகளில் வருகின்றன. அதற்குப் பிந்தைய பத்து நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாவுகளில் பல அங்கேதான் நடக்கின்றன.

முதல் எதிரி அந்தக் காபி. பக்கவாதத்தில் தொண்டைத் தசைகளும் விழலாம். வாயில் ஊற்றியது உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போகும். பலருக்குப் புரையேறி இருமல்கூட வராது. சத்தமில்லாமல் இறங்கி, இரண்டு மூன்று நாளில் நிமோனியாவாக வெளிவரும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் செவிலியப் பேராசிரியர் சாண்டி மிடில்டன் நடத்திய ஆய்வு 2011இல் வந்தது. செவிலியர்களுக்கு மூன்று வேலை கற்றுக்கொடுத்தார்கள்: காய்ச்சல் ஏறினால் உடனே பாராசிட்டமால், சர்க்கரையை அடிக்கடி பார்த்துக் கட்டுப்படுத்துவது, விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாயில் எதையும் கொடுக்காமலிருப்பது. விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. 90 நாளில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களும் வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம், இங்கே 42. சொல்லப்போனால் ஊசியைவிடப் பெரிய பலன்.

இதற்கும் இருபது வருடம் முன்னால், நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரில் பென்ட் இன்ட்ரெடாவிக் என்ற மருத்துவர் இன்னும் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். பக்கவாத நோயாளிகளைப் பொது வார்டில் அங்கங்கே போடாமல், அதற்கென்றே பழகிய செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் உள்ள ஒரு தனிப் பிரிவில் ஒன்றாக வைத்தால் என்ன? 220 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஆறு வாரத்தில் இறந்தவர்கள் பொது வார்டில் 17.3 சதவீதம், தனிப் பிரிவில் 7.3. வீடு திரும்பியிருந்தவர்கள் அங்கே 32.7 சதவீதம், இங்கே 56.4. கட்டி கரைக்கும் ஊசி வராத 1991இல் வெளிவந்த முடிவு இது. ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், எத்தனை மாடி, எந்தக் கம்பெனி ஸ்கேன் என்று கேட்பதற்கு முன், பக்கவாதத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்பது மேல்.

சிலருக்கு மூளை வீங்கும். நடுப் பெருமூளைக் குழாய் முழுக்க அடைபட்ட, வயதில் இளையவர்களுக்கு இது அதிகம். இளம் மூளை மண்டையோட்டுக்குள் இடைவெளியின்றி நிறைந்திருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் உச்சிக்குப் போகும். மருந்து கேட்காதபோது மண்டையோட்டின் ஒரு பக்கத்தைப் பெரிய துண்டாக வெட்டி எடுத்து, மூளை வெளியே வீங்க இடம் கொடுக்கிறார்கள். எடுத்த எலும்பைப் பல நேரம் அந்த நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டு, மாதங்கள் கழித்து மீண்டும் பொருத்துவார்கள். 2007இல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அறுவை செய்தவர்களில் 78 சதவீதம் பேர் ஓராண்டு பிழைத்திருந்தார்கள்; செய்யாதவர்களில் 29. பிழைத்த எல்லோரும் நடமாடவில்லை. தள்ளுவண்டியில் உட்கார்ந்து, ஒருவர் உதவியோடு வாழ்வதற்கு இவர் சம்மதிப்பாரா என்ற கேள்வியை, அவரால் பேச முடியாத ஓர் இரவில் மனைவியிடமோ மகனிடமோ கேட்கிறார்கள். இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது.

சின்னச் சின்ன தொல்லைகள் ஏராளம். விழுந்த பக்கத்துத் தோளைப் பிடித்து இழுத்து எழுப்பினால் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. காலில் ரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும், சிறுநீரில் கிருமி சேரும். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பிசியோ செய்ய மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்பவரைச் சோம்பேறி என்று திட்டுகிற வீடுகள் உண்டு. அவருக்குத் தேவை மருத்துவர். சீக்கிரம் நடக்கவைத்துவிட வேண்டும் என்ற தவிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2104 பேரை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வில், முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவாகவே வந்தது.

டாக்டரிடம் எல்லோரும் கேட்பது, எவ்வளவு தேறும் என்பது. அளக்க ஓர் ஏணி இருக்கிறது. கிளாஸ்கோ மருத்துவர் ஜான் ராங்கின் 1957இல் எழுதிய அளவுகோலிலிருந்து வளர்ந்தது அது: சுழியம் என்றால் குறை ஒன்றுமில்லை, 2 என்றால் பழைய வேலை எல்லாம் முடியாவிட்டாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், 5 என்றால் படுக்கை, 6 சாவு. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் இந்த ஏணியில்தான் ஆட்களை நிறுத்தி எண்ணுகின்றன. ஆனால் ஏணியில் எல்லாமும் தெரியாது. எம்.ஜி.ஆர். 1984இல் நோயில் விழுந்து, புரூக்ளின் மருத்துவமனையிலிருந்து 1985 பிப்ரவரியில் திரும்பி, முதலமைச்சராக மீண்டும் பதவியேற்றார். நடந்தார், கையசைத்தார், ஆட்சி செய்தார். பேச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. ஏணிப்படியில் அது பெரிய குறையாகத் தெரியாது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

சுவீடன் கவிஞர் டோமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990இல், 59 வயதில், வலப்பக்கமும் பேச்சும் போயின. சில சொற்களே மிஞ்சின. அவர் சொல்ல வந்ததை மனைவி மோனிகா புரிந்து எடுத்துச் சொன்னார். அதன் பிறகும் தொகுப்புகள் வெளிவந்தன. பியானோவை இடது கையால் மட்டும் வாசித்தார். இடது கைக்கென்றே இசையமைப்பாளர்கள் அவருக்காக எழுதிக் கொடுத்தார்கள். 2011இல் நோபல் பரிசு வந்தது. பேச முடியாதவருக்குப் பாட முடிவது இன்னொரு விந்தை. தன் பெயரைச் சொல்ல வராதவர் பழகிய பாட்டை வரியோடு பாடுவார். பாஸ்டனில் 1970களில் இதையே ஒரு பயிற்சியாக வளர்த்தார்கள்: தண்ணி வேணும் என்பதை ராகமாக இழுத்துப் பாடவைத்து, மெல்ல மெல்லப் பேச்சாக்குவது.

பயிற்சிக்கு ஆள் வேண்டும். இந்தியாவில் பிசியோதெரபிஸ்டுகள் எல்லா ஊரிலும் இல்லை. வீட்டாருக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்று 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 2017இல் முடிவு வந்தபோது, பயிற்சி பெற்ற வீடுகளிலும் பெறாத வீடுகளிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பிக் கிடந்தவர்களும் சரியாக 47 சதவீதம். மனசு கனக்கிறது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை. அன்புக்கும் உழைப்புக்கும் குறைவில்லாத வீடுகள்தான் அவை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியவில்லை. செலவு மிச்சம் என்று அந்தச் சுமையை மகள் மேலும் மருமகள் மேலும் இறக்கிவைக்க நினைக்கும் எந்த அரசும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, லேசாக வந்து போனவர்களைப் பற்றி. அரை மணி நேரம் கை மரத்து, பேச்சு குழறி, தானாகச் சரியாகிவிடும். மைல்டு ஸ்ட்ரோக்தான், நேத்தே சரியாயிடுச்சு என்று வீட்டில் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ரோத்வெல் இப்படிப்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார். 2002 முதல் 2004 வரை, அவருடைய மருத்துவமனைக்கு முன்பதிவு செய்துகொண்டு வர வேண்டும். என்ன மாத்திரை என்று குடும்ப டாக்டருக்குக் கடிதம் போகும். அவர் எழுதித் தர வேண்டும். முதல் மாத்திரை கைக்கு வர வழக்கமாக 20 நாள். 2004 அக்டோபரிலிருந்து முன்பதிவை எடுத்துவிட்டு, வந்த அன்றே பார்த்து, மருந்தை அங்கேயே தொடங்கினார்கள். 20 நாள் ஒரு நாளானது. 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் முன்பு 310 பேரில் 32. பிறகு 281 பேரில் 6. கொடுத்தது ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்தஅழுத்த மாத்திரை முதலியவை; எந்தத் தெருமுனை மருந்துக்கடையிலும் கிடைப்பவை.